செருப்பு ஸ்டாண்டுப் பக்கம் ஒரு பேய்

"மனசு சரியில்லையா? 'ஹலோ, மை ட்வென்டீஸ்' பாருங்க, இதமா இருக்கும்" என்று யாராவது எழுதினால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. இது ஒரு கொரியத் தொடர். சியோலில் ஒரு வாடகை வீடு, பெயர் பெல் எபோக். அதில் ஐந்து இளம்பெண்கள். ஃப்ரிட்ஜில் யார் பொருளை யார் எடுத்தது என்கிற சண்டை, நடு ராத்திரிக் குடி, காதல் புலம்பல். சரி, முதல் அரை மணி நேரத்துக்கு இதமான தொடர்தான்.

அப்புறம் அந்தப் பேய் வருகிறது.

ஐவரில் ஜிவோன் என்றொரு வாயாடி. (2022இல் வந்த வக்கீல் தொடரில் 'அட்டார்னி வூ'வாக ஊரே கொண்டாடியதே, அந்த நடிகை பார்க் உன்பின்தான். இரண்டும் ஒரே ஆள் என்று நம்ப எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.) வாசலில் செருப்பு ஸ்டாண்டுப் பக்கம் ஒரு பேய் நிற்பது தன் கண்ணுக்குத் தெரிகிறது என்று அள்ளி விடுகிறாள். சுத்தப் புளுகு. ஆனால் கேட்டவர்களால் அதை அப்படியே விட்டுவிட முடியவில்லை. ஒருத்திக்கு ஆறு வருடமாக நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடக்கும் தம்பி. ஒருத்திக்குப் படகு விபத்தில் தன் பக்கத்திலேயே மூழ்கிப்போன சிறுமி. ஒருத்திக்கு இறந்துபோன அப்பா. அது தன்னைத் தேடி வந்த பேய்தான் என்று அவளவள் தனியாக நினைத்துக்கொள்கிறாள், பக்கத்து அறைக்காரியிடம் மூச்சு விடுவதில்லை. ஒரே வீட்டில் இருப்பது என்றால் இதுதான். கூட இருப்பவளின் அலாரம் எத்தனை மணிக்கு அடிக்கும் என்று தெரியும். அவள் எதற்குத் தூங்காமல் கிடக்கிறாள் என்று தெரியாது.

இந்தத் தொடர் ஜேடிபிசி என்கிற கொரியத் தொலைக்காட்சியில் வந்தது 2016இல். செவோல் கப்பல் மூழ்கி, பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகளாக 304 பேர் போய் இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. அந்தப் படகுக் காட்சியைக் கொரியர்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

ஐவரில் என் ஆள் ஜின்ம்யோங். இருபத்தெட்டு வயதாகியும் படிப்பு முடியவில்லை. காசுக்காக நிறுத்தி நிறுத்திப் படிக்கிறாள். உணவகம், ட்யூஷன், ராத்திரிக் கடை என்று ஓட்டம். பகுதி நேர வேலைக்குக் கொரியாவில் 'அல்பா' என்று பெயர். நமக்கு 'அல்பம்' என்றுதான் காதில் விழும், சம்பளமும் அதற்கேற்றபடிதான். அந்த வருடம் அங்கே குறைந்தபட்சக் கூலி மணிக்கு 6,030 வோன். தன்னை ஒருவன் நேசிப்பதுகூட அவளுக்குப் பயமாக இருக்கிறது. ஆதரவாக யாராவது நின்றால் சாய்ந்துவிடுவோமோ என்கிற பயம். நடிகை ஹான் யேரி இதற்காக ஒரு இடத்திலும் ஓங்கி அழவில்லை. நடையிலேயே அந்தக் களைப்பு தெரிகிறது.

குறை இல்லாமல் இல்லை. கடைசிப் பகுதிகளில் கடத்தல், துரத்தல் என்று திடீரென்று த்ரில்லர் ஆகிவிடுகிறது. 2017இல் வந்த இரண்டாம் பாகத்தில் ஐவரில் ஒருத்தியான உன்ஜேவாக நடித்தவரை மாற்றிவிட்டார்கள், எனக்குக் கடைசிவரை ஒட்டவே இல்லை.

ஆனாலும் அந்த இரண்டாம் பாகத்தை ஐவரில் இன்னொருத்தியான யேவுனுக்காக மன்னிப்பேன். அடித்துத் துன்புறுத்திய காதலனிடமிருந்து மீட்டதோடு 'சுபம்' போடுவதுதான் வழக்கம். இங்கே அதற்குப் பிறகும் அவள் வீட்டை விட்டுத் தனியாக இறங்கத் தயங்குகிறாள். காதலன் போய்விட்டான், பயம் போகவில்லை. எழுத்தாளர் பார்க் யோன்சோன் அவளை அவசரப்படுத்தவே இல்லை.

பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று: பகுதி முடிந்ததும் அடுத்ததற்குத் தாவாதீர்கள். கடைசியில் அந்தப் பெண்கள் பாத்திரமாகவே உட்கார்ந்து பேட்டி கொடுக்கும் ஒரு துண்டு வரும். நான் முதல் மூன்று பகுதிகளில் அதைத் தவறவிட்டுத் திரும்பப் போய்ப் பார்த்தேன்.