பிளஸ் டூ லேப்புக்கு தான்னி போதும்

பைத்தான் புரோகிராமிங் பற்றிய உங்கள் கட்டுரையில் பிளஸ் டூ மாணவர்களுக்கு, கோடு எழுதும் மென்பொருளான வி.எஸ். கோட் போடச் சொல்லியிருக்கிறீர்கள். பைத்தானைத் தனியாக நிறுவி, அதற்கான எக்ஸ்டென்ஷன் (கூடுதல் செருகுநிரல்) சேர்த்து, கோடை ஓட்டும் இன்டர்பிரெட்டரைத் தேர்ந்தெடுப்பதற்குள் முதல் வகுப்பே முடிந்துவிடும். அதற்குப் பதில், புதிதாகப் பைத்தான் கற்பவர்களுக்கான தான்னி (Thonny) என்ற மென்பொருளைப் போடுங்கள்; பைத்தான் அதற்குள்ளேயே இருக்கிறது. விண்டோஸ் போர்ட்டபிள் ஜிப்பைப் பென்டிரைவில் கொண்டுபோய் விரித்தால் போதும், நெட் இல்லாத லேப்பிலும் ஓடும்.

வியூ மெனுவில் வேரியபிள்ஸைத் திறந்துவைத்து, கன்ட்ரோல் எஃப்5 அழுத்தி கோடைப் படிப்படியாக ஓட்டத் தொடங்கி, பிறகு ஒவ்வொரு படிக்கும் எஃப்7 தட்டிக்கொண்டே போகச் சொல்லுங்கள். 2+3*4-இல் முதலில் 3*4 போய் 12 வந்து உட்காருவது திரையிலேயே தெரியும். எந்தக் கரும்பலகையும் இதை இவ்வளவு தெளிவாகக் காட்டாது!

ஒரு எச்சரிக்கை: ஃபைலுக்கு டர்ட்டில்.பை (turtle.py), ரேண்டம்.பை (random.py) என்று பெயர் வைக்கவிடாதீர்கள்; பைத்தானோடு வரும் மாட்யூல்களின் பெயர்கள் இவை. அந்த மாட்யூலை இம்போர்ட் செய்யும்போது, அதற்குப் பதில் பைத்தான் மாணவரின் ஃபைலையே எடுத்துக்கொள்ளும். சரியான கோடுக்கும், கேட்டது மாட்யூலில் இல்லை என்று சொல்லும் ஆட்ரிபியூட் எரர் வரும். ஃபைலின் பெயரை மாற்றினால் சரியாகிவிடும்.