மொட்டைமாடியில் காயும் துணி

சென்ற ஞாயிற்றுக்கிழமை தெரிந்த தம்பி ஒருவன் தான் எடுத்த குறும்படத்தை மடிக்கணினியில் போட்டுக் காட்டினான். 14 நிமிடப் படம். விண்கல் விழுந்து சென்னை அழிகிறது. கையில் இருந்த பணத்தில் பாதிக்கு மேல் எல்.ஐ.சி. கட்டடம் சரியும் ஒரே காட்சிக்குப் போய்விட்டதாம். கட்டடம் சரிந்தது, எனக்குள் எதுவும் அசையவில்லை. ஆனால் அதற்குச் சற்று முன்னால், வானம் சிவந்துகொண்டிருக்கும்போது, ஒரு பாட்டி மொட்டைமாடிக் கொடியில் காயும் துணிகளை அவசர அவசரமாக உருவித் தோளில் போட்டுக்கொள்கிறார். நான்கு விநாடி இருக்கும். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

அவனிடம் அன்று சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன். அவனைப் போல இன்னும் பல பேர் இதே வேலையில் இருப்பார்கள்.

உலக அழிவைப் படமாக்குகிறவனுக்குப் பணம் இல்லாதது ஒரு குறையே இல்லை. பணமில்லாத படம், பணக்காரப் படத்தின் சட்டையை இரவல் வாங்கி மாட்டிக்கொள்ளும்போதுதான் கெட்டுப்போகிறது. ஹாலிவுட் இயக்குநர் ரோலண்ட் எம்மெரிக்கின் உலக அழிவுப் படமான '2012' சுமார் 20 கோடி டாலர் செலவில் 2009-ல் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டே 'தி அசைலம்' என்ற அமெரிக்க நிறுவனம் '2012: டூம்ஸ்டே' என்ற படத்தை மிகச் சொற்பச் செலவில் வெளியிட்டுவிட்டது. பெரிய படங்களின் பெயரையும் சாயலையும் ஒட்டி மலிவாகப் படம் எடுப்பது அவர்கள் வழக்கம். இத்தகைய படங்களைப் பார்த்துச் சிரிப்பதற்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது. எனக்குச் சிரிப்பு வருவதில்லை, வருத்தம்தான் வருகிறது. அதே பணத்தில், அதே ஆட்களை வைத்துக்கொண்டு, ஒரு வீட்டுக்குள் போயிருக்கலாமே என்று தோன்றும்.

வீட்டுக்குள் போன படம் ஒன்று இருக்கிறது. 'த்ரெட்ஸ்'. 1984 செப்டம்பர் 23 அன்று பிபிசி 2-ல் ஒளிபரப்பான தொலைக்காட்சிப் படம். செலவு சுமார் 4 லட்சம் பவுண்டு. எழுதியவர் பாரி ஹைன்ஸ், யார்க்ஷயர் பகுதி உழைப்பாளி மக்களின் வாழ்க்கையை எழுதிப் பெயர் பெற்றவர். இயக்கியவர் மிக் ஜாக்சன். எஃகுத் தொழிலுக்குப் பேர்போன ஷெஃபீல்ட் நகரத்தின்மேல் அணுகுண்டு விழுகிறது, அவ்வளவுதான் கதை. ஆனால் குண்டு விழும்வரை நாம் பார்ப்பதெல்லாம் ஜிம்மி, ரூத் என்ற இளம் ஜோடியைத்தான். ரூத் கர்ப்பமாகிவிட்டதால் திருமணப் பேச்சு நடக்கிறது. புதுக்குடித்தனம் போகப்போகிற வீட்டைச் செப்பனிடுகிறார்கள். ஈரானில் அமெரிக்காவும் சோவியத் யூனியனும் மோதிக்கொள்ளும் செய்தி அறையின் மூலையில் ஓடிக்கொண்டே இருக்கிறது. அவர்கள் காதில் அது பாதிதான் விழுகிறது.

பிறகு கடைத்தெருவில் நிற்கும் ஒரு பெண், கட்டடங்களுக்கு அப்பால் எழும் புகைக்குடையைப் பார்க்கிறாள். நின்ற இடத்திலேயே சிறுநீர் பிரிந்து அவள் காலோடு வழிகிறது. நான் பார்த்த உலக அழிவுக் காட்சிகளிலேயே பயங்கரமானது இதுதான். ஒரு நடிகையும் ஒரு தெருவும் போதுமானதாக இருந்திருக்கிறது.

பெருஞ்சேதத்தைச் சொல்ல வேண்டிய இடங்களில் கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள் வருகின்றன. அவற்றோடு தட்டச்சு செய்தது போன்ற எழுத்துகள், உணர்ச்சியே இல்லாத அரசாங்க அறிக்கையின் நடையில். ஜிம்மியின் அப்பா கதவுகளைக் கழற்றிச் சுவரில் சாய்த்து, மெத்தைகளை வைத்து ஒரு மறைவிடம் கட்டுகிறார். இது திரைக்கதைக்காகப் புனைந்தது இல்லை. அன்றைய பிரிட்டிஷ் அரசின் 'புரொடெக்ட் அண்ட் சர்வைவ்' கையேடே மக்களுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தது. அந்தக் கதவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு 2015 டிசம்பரில் எங்கள் தெருவுக்குள் தண்ணீர் புகுந்த இரவு நினைவுக்கு வரும். எத்தனை அடி ஏறியது என்பது மறந்துவிட்டது. இருட்டில் அரிசி டின்னைப் பரணுக்குத் தூக்கிக் கொடுத்த அம்மாவின் கை மட்டும் மறக்கவில்லை.

இதே மிக் ஜாக்சன் 13 ஆண்டுகள் கழித்து ஹாலிவுட்டில் 'வால்கேனோ' எடுத்தார். சுமார் 9 கோடி டாலர். லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துச் சாலையில் எரிமலைக் குழம்பு ஓடுகிறது. அதே இயக்குநர், கைநிறையப் பணம், திறமையான நடிகர்கள். நான் கடைசிவரை பார்த்தேன். அதில் வந்த ஒரு முகம்கூட இன்று என் மனதில் இல்லை. ஷெஃபீல்ட் கடைத்தெருப் பெண்ணுக்குப் படத்தில் பெயர்கூடக் கிடையாது. அவளை மறக்க முடியவில்லை.

தொலைக்காட்சிக்கென்று சின்ன அளவில் எடுத்த படங்களைக் கண்டு ஆட்சியாளர்களே நடுங்கியதும் உண்டு. பிரிட்டிஷ் இயக்குநர் பீட்டர் வாட்கின்ஸ், தன் நாட்டின்மேல் அணுகுண்டு விழுந்தால் என்ன ஆகும் என்று காட்டும் 'தி வார் கேம்' என்ற, 50 நிமிடம்கூட ஓடாத ஒரு படம் எடுத்தார். பெரும்பாலும் தொழில்முறை நடிகர்கள் அல்லாத சாதாரண மக்களை நடிக்கவைத்து, செய்திப்படம் போல. 1965-ல் அதை ஒளிபரப்ப மறுத்த பிபிசி, 1985-ல்தான் திரையில் காட்டியது. இடையில் அதற்குச் சிறந்த ஆவணப்படத்துக்கான ஆஸ்கர் விருதே கிடைத்துவிட்டது.

கிறிஸ் மார்க்கரின் 'லா ஜெத்தே' (1962) இன்னும் எளிமை. மூன்றாம் உலகப் போரில் பாரிஸ் அழிந்த பிறகு நடக்கும் கதை. 28 நிமிடமும் புகைப்படங்கள்தான். ஒரே ஒரு இடத்தில் மட்டும் படம் அசைகிறது: தூங்கிக்கொண்டிருக்கும் பெண் கண் திறக்கிறாள். அந்தக் கண் திறப்புக்கு முன்னால் எந்த நகரம் சரிந்தால் என்ன?

கனடாக்காரர் டான் மெக்கெல்லர் 1998-ல் எடுத்த 'லாஸ்ட் நைட்' படத்தைத் தம்பி அவசியம் பார்க்க வேண்டும். நள்ளிரவோடு உலகம் முடிகிறது. ஏன் முடிகிறது என்று படம் சொல்வதே இல்லை. விண்கல்லும் இல்லை, வெள்ளமும் இல்லை. டொரண்டோவில் எரிவாயு நிறுவன ஊழியர் ஒருவர் அந்தக் கடைசி நாளில் வாடிக்கையாளர்களுக்கு ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைத்து, இத்தனை நாள் ஆதரவுக்கு நன்றி, கடைசிவரை எரிவாயு தடையில்லாமல் வரும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்தக் குரலைக் கேட்டபோது எனக்கு அழுகை வந்தது. கடமை என்றால் என்னவென்று அந்த மனிதர் ஒரு தொலைபேசியை வைத்துக்கொண்டே காட்டிவிட்டார்.

பெரிய படங்களைப் பார்க்காதே என்று நான் சொல்லவில்லை. திரையரங்கில் பேரலை எழும்போது நானும் நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறவன்தான். பணம் இருப்பவர்கள் அதைச் செய்யட்டும்.

தம்பியிடம் அந்தத் துணி எடுக்கும் பாட்டி யார் என்று கேட்டேன். "எங்கள் பாட்டிதான் அண்ணா. படம் பிடிக்கிறேன் என்று அவரிடம் சொல்லவே இல்லை. மழை வரப்போகிறது என்று நினைத்து ஓடிவந்தார். படத்தில் அந்த இடத்தை நிரப்ப ஒன்றும் கிடைக்காததால் சேர்த்தேன்" என்றான். கட்டடத்தை வெட்டிவிடு, பாட்டியிடமிருந்து தொடங்கு என்றேன். துணியை எடுத்துக்கொண்டு அவர் கீழே இறங்கி வரட்டும், ஒவ்வொன்றாக மடிக்கட்டும், உன் சட்டையைத் தனியே எடுத்து வைக்கட்டும். வெளியே என்ன சத்தம் கேட்கிறதோ கேட்கட்டும்.

முகம் வாடித்தான் போனான். நேற்று இரவு ஒரு செய்தி அனுப்பியிருக்கிறான்: பாட்டி சம்மதித்துவிட்டாராம், ஆனால் புதுப் புடவைதான் கட்டிக்கொள்வேன் என்கிறாராம்.