ஜப்பானியரிடம் சிறைப்பட்ட இந்தியச் சிப்பாய்களை நாம் ஏன் மறந்தோம்?

1952 ஜூன் 9-ஆம் தேதி டோக்கியோவில் இந்தியாவும் ஜப்பானும் ஒரு சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. போருக்கான இழப்பீடு எதையும் ஜப்பானிடம் கோரப்போவதில்லை என்று அதன் ஆறாவது பிரிவில் இந்தியா ஒப்புக்கொண்டது. அதோடு நிற்காமல், போர்க்காலத்தில் ஜப்பானின் செயல்களால் இந்தியக் குடிமக்களுக்கு ஏற்பட்ட பாதிப்புகள் தொடர்பான கோரிக்கைகளையும் சேர்த்தே கைவிட்டது. இரு நாட்டு நல்லுறவின் தொடக்கம் என்று இந்த ஒப்பந்தத்தை இன்றும் பெருமையாகப் பேசுகிறோம். அதன் ராஜதந்திர மதிப்பை நானும் மறுக்கவில்லை. ஆனால் சிங்கப்பூரிலும் ஹாங்காங்கிலும் பிடிபட்டு, ஜப்பானியரின் கையில் மூன்றரை ஆண்டுகள் வதைபட்டு, எப்படியோ பிழைத்து ஊர் திரும்பிய ஆயிரக்கணக்கான இந்தியச் சிப்பாய்கள் அன்று உயிரோடுதான் இருந்தார்கள். அவர்களுக்காக ஒரு வரிகூட அந்த ஒப்பந்தத்தில் இல்லை. இந்த விஷயத்தில் நம் நாடு அவர்களுக்கு அநீதி இழைத்தது என்றே நான் கருதுகிறேன். அதைச் சொல்லத்தான் இந்த நீண்ட பதிவு.

1942 பிப்ரவரி 15-ஆம் தேதி சிங்கப்பூர் வீழ்ந்தது. சரணடைந்த பிரிட்டிஷ் படையில் ஏறக்குறைய பாதிப்பேர் இந்தியர்கள். பிப்ரவரி 17-ஆம் தேதி வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சாங்கி முகாமுக்கு நடத்திச் செல்லப்பட்டார்கள். இந்தியர்கள் மட்டும் தனியே பிரிக்கப்பட்டு ஃபாரர் பார்க் திடலில் கூட்டப்பட்டார்கள். அங்கே பிரிட்டிஷ் அதிகாரி கர்னல் ஹன்ட் அவர்களை ஜப்பானிய மேஜர் ஃபுஜிவாராவிடம் ஒப்படைத்தார். ஃபுஜிவாரா அவர்களை, ஜப்பானியரோடு சேர்ந்து இந்திய தேசிய ராணுவத்தை அமைத்த கேப்டன் மோகன் சிங்கிடம் ஒப்படைத்தார். தங்களை அழைத்துவந்து சண்டையில் நிறுத்திய அதிகாரிகள் ஒரே பிற்பகலில் தங்களைக் கைமாற்றிவிட்டுப் போனதைப் பார்த்த அந்தச் சிப்பாய்களின் மனநிலையை யோசித்துப் பார்த்தால், அதற்குப் பிறகு யார் எந்தப் பக்கம் போனார்கள் என்று தீர்ப்பு எழுத நமக்கு அருகதை இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

இந்திய தேசிய ராணுவத்தின் கதை நமக்குத் தெரியும். நேதாஜி 1943 ஜூலையில் சிங்கப்பூர் வந்தது, மலாயாவின் தோட்டங்களில் ரப்பர் பால் எடுத்துக்கொண்டிருந்த தமிழர்கள் திரளாகச் சேர்ந்தது, ஜான்சி ராணிப் படை உருவானது, இவையெல்லாம் தமிழ்நாட்டில் இன்றும் பெருமிதத்தோடு சொல்லப்படுகின்றன. சொல்லப்பட வேண்டியவைதான். சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் அந்தப் படையில் இருந்த குடும்பங்களின் பெருமையில் யாரும் கைவைக்க முடியாது. ஆனால் அதே ஃபாரர் பார்க் திடலில் நின்றவர்களில் பல்லாயிரம் பேர் அந்தப் படையில் சேரவில்லை, அல்லது முதலில் சேர்ந்து பிறகு விலகினார்கள். எடுத்துக்கொண்ட ராணுவ உறுதிமொழியை மீற மனம் வராதவர்கள் இருந்தார்கள். ஜப்பானியரின் வாக்குறுதியை நம்பாதவர்கள் இருந்தார்கள். ஊரில் இருக்கும் குடும்பத்துக்குப் போகும் சம்பளம் நின்றுவிடும் என்று அஞ்சியவர்களும் இருந்திருப்பார்கள். ஜப்பானியரை நம்ப முடியாது என்ற முடிவுக்கு மோகன் சிங்கே ஓராண்டுக்குள் வந்து, 1942 டிசம்பரில் அவர்களாலேயே கைது செய்யப்பட்டார் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

மறுத்தவர்கள் படாத பாடு பட்டார்கள். சிங்கப்பூரின் பிடாதாரி முகாமில் அவர்களைத் தனியே அடைத்து அடித்தவர்களில் நம்மவர்களும் உண்டு. இதைச் சொன்னால் நேதாஜியைக் குறைத்துப் பேசுவதாகச் சிலர் எடுத்துக்கொள்வார்கள். அவர் வருவதற்கு முந்தைய ஆண்டில் நடந்ததற்கு அவரைப் பொறுப்பாக்க முடியாது. ஆனால் அடிபட்டவனும் இந்தியன்தான். ஹாங்காங்கில் பிடிபட்ட ராஜ்புத் ரெஜிமென்டைச் சேர்ந்த கேப்டன் மதீன் அகமது அன்சாரி, தன் வீரர்கள் மனம் தளராமல் பார்த்துக்கொண்டதற்காகவும் எதிர்ப்பு வேலைகளில் ஈடுபட்டதற்காகவும் மாதக்கணக்கில் சித்திரவதைக்கு ஆளாகி, 1943 அக்டோபரில் தலை துண்டிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். இறந்த பிறகு அவருக்கு பிரிட்டனின் உயரிய வீர விருதுகளில் ஒன்றான ஜார்ஜ் கிராஸ் அளிக்கப்பட்டது. அவர் பெயரை நம் பாடநூல் எதிலும் நான் படித்த நினைவில்லை.

சேர மறுத்தவர்களில் பெரும் எண்ணிக்கையினரை ஜப்பானியர் கப்பல்களில் ஏற்றித் தெற்கே அனுப்பினார்கள். நியூ கினி, நியூ பிரிட்டன், போர்னியோ என்று அந்தத் தீவுகள் நீளும். 1943-இல் சுமார் 3,000 இந்தியர்கள் சிங்கப்பூரிலிருந்து நியூ கினியின் வட கரையில் உள்ள வேவாக்குக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். கப்பலிலிருந்து சரக்கு இறக்குவதும், விமானத்தளம் அமைப்பதும், சாலை போடுவதும் அவர்களுக்குக் கொடுத்த வேலை. 1944 ஏப்ரலில் அமெரிக்கப் படைகள் ஹாலண்டியாவிலும் அயிட்டாபேயிலும் கரையிறங்கியதும், நடுவில் மாட்டிக்கொண்ட ஜப்பானிய 18-ஆவது ராணுவத்துக்குக் கடல்வழி அடைபட்டது. ஜப்பானியச் சிப்பாய்களே பட்டினி கிடந்த காட்டில் கைதிக்கு என்ன கிடைத்திருக்கும்? மலேரியாவும் பெரிபெரியும் வயிற்றுக்கடுப்பும் ஒருபக்கம் கொன்றன. நடக்க முடியாதவர்களைச் சுட்டும் குத்தியும் கொன்றது மறுபக்கம். கைதிகளைக் கொன்று மாமிசம் தின்றது குறித்துப் பிழைத்த இந்தியச் சிப்பாய்கள் கொடுத்த வாக்குமூலங்கள் போர்க்குற்ற விசாரணைப் பதிவுகளில் இருக்கின்றன. அந்த வர்ணனைகளை இங்கே எடுத்தெழுத எனக்கு மனம் வரவில்லை. வேவாக்குக்குப் போன 3,000 பேரில் உயிரோடு மீண்டவர்கள் சுமார் 200 பேர்.

அவர்களில் ஒருவர் ஜமேதார் சிந்த் சிங். டோக்ரா இனத்தவர், ஃபிரான்டியர் ஃபோர்ஸ் ரெஜிமென்டில் இருந்தவர். ஜப்பான் சரணடைந்த பிறகும் காட்டுக்குள் பல வாரம் இருந்து, 1945 செப்டம்பர் கடைசியில் செபிக் ஆற்றங்கரையில் அங்கோரம் என்ற இடத்தில் ஆஸ்திரேலியர்களால் மீட்கப்பட்டவர். உடன் மீண்டவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான். எலும்பும் தோலுமாக இருந்த அவர்களை ஆஸ்திரேலியர்கள் மருத்துவமனையில் வைத்துத் தேற்றி எடுத்தார்கள். நவம்பரில் ஊருக்கு அனுப்ப ஏற்பாடாயிற்று. சிந்த் சிங் மட்டும் போர்க்குற்ற விசாரணையில் சாட்சி சொல்வதற்காக நிறுத்திவைக்கப்பட்டார். மற்ற பத்துப் பேரும் நியூ பிரிட்டன் தீவில் உள்ள ராபாலுக்குப் போகும் விமானத்தில் ஏறினார்கள். அந்த விமானம் விபத்துக்குள்ளாகிப் பத்துப் பேரும் இறந்தார்கள்.

சிந்த் சிங் தங்கினார், சாட்சி சொன்னார், குற்றவாளிகளை அடையாளம் காட்டினார். ராபாலில் நடந்த விசாரணைகளில் 18-ஆவது ராணுவத்தின் தளபதி அடாச்சி ஹதாசோ, தன் கீழிருந்தவர்கள் இந்தியக் கைதிகளுக்குச் செய்த கொடுமைகளைத் தடுக்கத் தவறியதற்காக 1947-இல் ஆயுள் தண்டனை பெற்றார். அதே ஆண்டு செப்டம்பரில் தற்கொலை செய்துகொண்டார். அந்த விசாரணைகளில் ஜப்பானியத் தரப்பு திரும்பத் திரும்ப வைத்த வாதம், இந்த இந்தியர்கள் போர்க்கைதிகளே அல்ல, விரும்பிச் சேர்ந்த உழைப்புப் படையினர் என்பதுதான். எந்தப் பக்கமும் சேர மாட்டேன் என்று மறுத்ததால் அங்கே அனுப்பப்பட்டவர்கள், கடைசியில் தாங்கள் கைதிகளாகத்தான் இருந்தோம் என்பதையே நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டியிருந்தது. இதைப் படித்தபோது எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

அந்தப் பத்துப் பேர் இறந்த அதே 1945 நவம்பரில்தான், இந்திய தேசிய ராணுவ அதிகாரிகள் மீதான செங்கோட்டை வழக்கு டெல்லியில் தொடங்கியது. ஷா நவாஸ் கான், பிரேம் சேகல், குர்பக்ஷ் சிங் தில்லான் மூவருக்காகவும் நாடே கொந்தளித்தது. நேரு மீண்டும் வழக்கறிஞர் அங்கி அணிந்தார். அந்தக் கொந்தளிப்பு நியாயமானது, விடுதலையை விரைவுபடுத்தியது. ஆனால் தீவுகளிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த கைதியைப் பற்றிப் பேச அந்த நேரத்தில் இந்தியாவில் யாருக்கும் காரணம் இருக்கவில்லை. விடுதலை இயக்கத்துக்கு அவன் வெள்ளைக்காரனுக்கு விசுவாசமாக இருந்தவன். பிரிட்டிஷாருக்கோ, மீண்டுவந்த ஒவ்வொரு இந்தியக் கைதியும் முதலில் சந்தேகத்துக்குரியவன். உளவுப்பிரிவு ஒவ்வொருவரையும் விசாரித்து வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று வகை பிரித்தது. யாரோடு சேர்ந்தாய், எந்த முகாமில் இருந்தாய், யாரைக் காட்டிக்கொடுப்பாய் என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்லி, வெள்ளை என்று முத்திரை விழுந்த பிறகுதான் அவன் தடையில்லாமல் வீடு போகவோ பணியில் தொடரவோ முடிந்தது.

பிரிட்டனுக்குத் திரும்பிய கைதிகளுக்கும் எல்லாம் சுகமாக அமைந்துவிடவில்லை என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 1945 அக்டோபரில் முதல் கப்பல்கள் சவுத்தாம்ப்டனுக்கும் லிவர்பூலுக்கும் வந்தபோது அரசரின் வரவேற்புக் கடிதம் ஆளுக்கு ஒன்று கிடைத்தது. ஆனால் பார்த்த கொடுமைகளை வெளியே பேசி இறந்தவர்களின் குடும்பங்களை வருத்த வேண்டாம் என்று அச்சிட்ட அறிவுரைத் தாளும் கைதிகளுக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. பலர் சாகும்வரை மனைவியிடம்கூடப் பேசவில்லை. சயாமில், அதாவது இன்றைய தாய்லாந்தில், காலில் ஏறிய ஒரு வகைக் குடற்புழு, பல பத்தாண்டுகள் கழித்தும் அவர்கள் உடலில் உயிரோடு இருந்ததை லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளி கண்டுபிடித்துச் சிகிச்சை அளித்தது. முன்னாள் கைதிகள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரை அந்தப் பள்ளி பரிசோதித்திருக்கிறது. நம் கிராமங்களுக்குத் திரும்பிய கைதியின் உடம்பிலும் அந்தப் புழு இருந்திருக்கும். அவனை அழைத்துப் பரிசோதிக்க அப்படி ஒரு நிறுவனம் இங்கே அமைந்ததாக நான் எங்கும் படிக்கவில்லை.

பணத்தின் கணக்கும் இப்படித்தான். ஜப்பானோடு நேச நாடுகள் செய்த 1951 சான்பிரான்சிஸ்கோ சமாதான ஒப்பந்தத்தின்படி, ஜப்பானின் வெளிநாட்டுச் சொத்துகளிலிருந்து பிரிட்டிஷ் கைதிகளுக்கு ஆளுக்கு சுமார் 76 பவுண்டு கிடைத்தது. அற்பத் தொகை என்று அவர்கள் ஐம்பது ஆண்டுகள் போராடி, 2000 நவம்பரில் தங்கள் அரசிடமிருந்து தலா 10,000 பவுண்டு பெற்றார்கள். அந்தத் திட்டத்தில் இந்திய ராணுவத்தைச் சேர்ந்தவர்களில், 1950-களில் பிரிட்டன் வழியாக இழப்பீடு பெற்றவர்கள் மட்டுமே சேர்க்கப்பட்டார்கள். சாதாரணச் சிப்பாய் அதில் வரவில்லை. கூர்க்காக்கள் நீதிமன்றம் போனார்கள். அவர்களை விலக்கியது சமத்துவத்துக்கு எதிரானது என்று 2002-இல் லண்டன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தக் கூர்க்காக்களோடு ஒரே பிரிகேடில் நின்று பிடிபட்ட இந்தியச் சிப்பாய் சான்பிரான்சிஸ்கோ ஒப்பந்தத்திலும் இல்லை, ஏனென்றால் அந்த மாநாட்டுக்கு இந்தியா போகவில்லை. டோக்கியோ ஒப்பந்தத்திலும் இல்லை, ஏனென்றால் அங்கே இந்தியா விட்டுக்கொடுத்துவிட்டது. போரில் நொந்துபோன ஒரு நாட்டைக் கசக்கிப் பிழியக் கூடாது என்ற நேருவின் நிலைப்பாடு உயர்ந்ததாகவே இருக்கட்டும். அரசு தன் பங்கை விட்டுக்கொடுக்கலாம். குடிமகனின் பங்கை விட்டுக்கொடுக்கும் அரசு, அதைத் தன் கருவூலத்திலிருந்து அவனுக்குக் கொடுத்திருக்க வேண்டும். இந்திய தேசிய ராணுவத்தினருக்கு 1970-களில் தியாகி ஓய்வூதியம் வந்தது. அது சரியான முடிவு. வேவாக்கிலும் ராபாலிலும் பிழைத்தவர்களுக்கும் ஒரு ரூபாயாவது, கைதியாக நீ பட்டதற்கு என்று சொல்லி ஒதுக்கியிருக்கலாம்.

ஜப்பானியத் தலைவர்களைப் போர்க்குற்றங்களுக்காக விசாரித்த டோக்கியோ தீர்ப்பாயத்தில் எல்லோரையும் விடுவிக்கச் சொன்ன நீதிபதி ராதாபினோத் பாலை நாம் பெருமையாக நினைவுகூர்கிறோம். ஜப்பானின் போரில் இறந்தவர்களுக்கான யாசுகுனி கோயிலில் அவருக்கு நினைவுச்சின்னமே இருக்கிறது. அவரும்கூடக் கைதிகளுக்கு இழைக்கப்பட்ட கொடுமைகளுக்கான சாட்சியங்களை மறுக்கவில்லை. அவற்றை நேரடியாகச் செய்தவர்கள் வேறு, மேலிருந்த தலைவர்கள் வேறு என்றுதான் வாதிட்டார். இந்தப் பாதியை நம் மேடைகளில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

சயாம் மரண ரயில் பாதையில் இறந்த நம் மலாயாத் தமிழர்களை இங்கே குறிப்பிடாமல் போக முடியாது. அவர்கள் கைதிகள்கூட இல்லை. தோட்டங்களிலிருந்து ஏமாற்றியும் பிடித்தும் கொண்டுபோகப்பட்ட கூலிகள். காஞ்சனாபுரி போர்க் கல்லறையில் வெள்ளைக்காரக் கைதிகளுக்கு ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. தமிழ்க் கூலிகளுக்குப் பெயர்ப்பட்டியலே கிடையாது. அது தனிப் பதிவாக எழுத வேண்டிய விஷயம். ஆனால் சிப்பாய்களின் நிலை வேறு: அவர்களுக்குப் பெயரும் எண்ணும் ரெஜிமென்டும் தந்தை பெயரும் ஊரும் பதிவில் இருக்கின்றன. பட்டியல் கையில் இருந்தும் நாம் எடுத்துப் பார்க்கவில்லை.

சிங்கப்பூரின் கிராஞ்சி நினைவகத்தில், கல்லறை இல்லாமல் போன 24,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் அகலமான தூண்களில் பொறிக்கப்பட்டுள்ளன. அதில் ஒரு பெரும் பகுதி இந்தியப் பெயர்கள். நான் போயிருந்தபோது, சமையற்காரர், நாவிதர், சலவைக்காரர், துப்புரவாளர் என்று போரில் துப்பாக்கியே பிடிக்காதவர்களின் பெயர்களையும் அங்கே பார்த்தேன். ராணுவத்தின் சப்ளை, மருத்துவப் பிரிவுகளில் தென்னிந்தியர்கள் கணிசமாக இருந்ததால், நம் பக்கத்துப் பெயர்களைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. டெல்லியில் 2019-இல் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவகம் 1947-க்குப் பிறகு இறந்தவர்களுக்கானது; ஆகவே இந்த மனிதர்களுக்குச் சொந்த நாட்டின் தலைநகரில் அப்படி ஒரு சுவர் இல்லை. கூலிக்குப் போனவர்கள்தானே என்று இதற்கும் சிலர் பதில் சொல்வார்கள். 1940-இல் ராணுவத்தில் சேர்ந்தவன் எதற்காகச் சேர்ந்தானோ, பிறகு இந்திய தேசிய ராணுவத்துக்குப் போனவனும் முதலில் அதே காரணத்துக்காகத்தான் சேர்ந்திருந்தான். ஒரே பாசறையில் படுத்திருந்த இருவரில் ஒருவரை மட்டும் நம்முடையவர் என்று சொல்வது எந்த நியாயம்?

மத்திய அரசு செய்யக்கூடியது கடினமானதல்ல. வேவாக், ராபால், போர்னியோ முகாம்களில் இருந்த இந்தியக் கைதிகளின் பட்டியலை, இறந்தவர்களும் மீண்டவர்களும் சேர்த்து, ஊர்வாரியாக வெளியிட வேண்டும். தேசிய ஆவணக் காப்பகத்திலும் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்திலும் உள்ள வாக்குமூலங்களை இந்திய மொழிகளில் கொண்டுவர வேண்டும். அதுவரை நாம் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. உங்கள் தாத்தாவோ அவருடைய அண்ணன் தம்பியோ 1941-வாக்கில் மலாயாவுக்குப் படையில் போனவர் என்று வீட்டில் பேச்சு இருந்தால், பரணில் டிரங்குப் பெட்டி இருக்கிறதா என்று பாருங்கள். ராணுவ விடுவிப்புச் சான்று, பதக்கம், ஓய்வூதியப் புத்தகம், எது கிடைத்தாலும் படம் எடுத்து வையுங்கள். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் பெயரையும் படை எண்ணையும் கொடுத்துத் தேடலாம்; இறந்தவராக இருந்தால் எந்தத் தூணில் எந்த வரிசையில் பெயர் இருக்கிறது என்பது வரை சொல்லும். உயிரோடு திரும்பியவராக இருந்தால் அதில் இருக்க மாட்டார். அவரைப் பற்றி வீட்டில் மூத்தவர்களுக்கு எது நினைவிருக்கிறதோ அதை இப்போதே எழுதி வாங்குங்கள்.