மாலை கழற்றிய பிறகு

கார்த்திகையில் மாலை போட்டு ஒரு சொட்டுகூடத் தொடாமல் இருந்தவர், மலையிலிருந்து திரும்பிய வாரமே டாஸ்மாக் வாசலில் நிற்பார். “மனசு வெச்சா விட முடியுதுல்ல? வேணும்னேதான் குடிக்கிறான்” என்பார்கள் வீட்டில். அநியாயமான தீர்ப்பு இது. அந்த 41 நாளும் விடியற்காலைக் குளியல், சாயங்கால பஜனை, எதிர்ப்பட்டவர்களெல்லாம் ‘சாமி’ என்று கூப்பிடுவது, கூடக் குடிப்பவர்களே ஒதுங்கிக்கொள்வது என்று ஒரு கூட்டமே அவரைத் தாங்கியது. மாலையைக் கழற்றியதும் அத்தனை பேரும் அவரவர் வேலைக்குப் போய்விட்டார்கள்.

குடியை நிறுத்த டாக்டர் வேண்டும். நிறுத்தியபடியே இருக்க ஆட்கள் வேண்டும். குடும்பங்கள் முதலாவதற்குக் கடன் வாங்கியாவது செலவு செய்கின்றன, இரண்டாவதை அப்படியே விட்டுவிடுகின்றன.

காலையில் ஒரு கட்டிங் போட்டால்தான் கை நடுக்கம் நிற்கும் என்ற நிலையில் உள்ளவர், கோயிலில் கயிறு கட்டிக்கொண்டோ அறையில் பூட்டப்பட்டோ திடீரென நிறுத்துவது ஆபத்து. கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டு, மூன்று நாளில் இல்லாத ஆள் தெரியும், உடம்பில் பூச்சி ஊரும், நாள் கிழமை குழம்பும். பேய் என்று மந்திரிக்கக் கூட்டிப்போகாதீர்கள், உயிரே போய்விடும். மருத்துவமனையில் லிப்ரியம் போன்ற மாத்திரையைக் கொடுத்துப் படிப்படியாகக் குறைத்து, தயாமின் (வைட்டமின் பி1) ஊசியும் போடுவார்கள். தயாமின் இல்லாமல் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். அதனால் எந்த கிளினிக்குக்குப் போனாலும் குடியை மறைக்காதீர்கள். இன்னொன்று: சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்கும் மருந்து. அதில் டைசல்பிராம் (குடியோடு சேர்ந்தால் உடம்பைக் கடுமையாகப் படுத்தும் மருந்து) இருந்து, அதற்கு மேல் அவர் குடித்துவிட்டால் ரத்த அழுத்தம் சரிந்து சாகவும் கூடும்.

இதெல்லாம் ஒன்றிரண்டு வாரத்தில் முடிந்துவிடும். வீட்டுக்கு வந்த பிறகுதான் ஏ.ஏ. எனும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைப்பவர்கள் ஒருவரையொருவர் தாங்கும் கூட்டம். 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடிநோயாளிகளான ஒரு பங்குத் தரகரும் ஒரு மருத்துவரும் தொடங்கியது. கட்டணம் இல்லை, பதிவேடு இல்லை. குடியை நிறுத்தும் விருப்பம் இருந்தால் போதும். சர்ச் கூடத்திலோ பள்ளி வகுப்பறையிலோ ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் உட்காருகிறார்கள். ஒருவர் எழுந்து பேரைச் சொல்லி, “நான் ஒரு குடிநோயாளி” என்று ஆரம்பிப்பார். யாரும் குறுக்கே பேச மாட்டார்கள், புத்தி சொல்ல மாட்டார்கள். ஊரில் எல்லோரிடமும் புத்தி கேட்டே சலித்தவருக்கு அந்த மௌனம் எவ்வளவு பெரிய மரியாதை!

முதல் 90 நாளில் 90 கூட்டம் என்பது அங்குள்ள பழக்கம். சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு வரைதான் கை பரபரக்கும் நேரம், அந்த நேரத்தைக் கூட்டம் எடுத்துக்கொள்கிறது. நிறுத்திப் பல காலமான ஒருவரை ஸ்பான்சராகக் கேட்டு, அவர் நம்பரை வாங்க வேண்டும். முதல் கிளாஸுக்கு முன்னால் கூப்பிடத்தான் அந்த நம்பர். பசி, கோபம், தனிமை, அசதி, இந்த நான்கில் எது இருக்கிறது என்று அவர் முதலில் கேட்பார். பல நேரம் நாலு இட்லி சாப்பிட்டதும் வேகம் தணிந்துவிடும்.

சறுக்குவது பெரும்பாலும் “நல்லாயிட்டேன்” என்று கூட்டத்துக்குப் போவதை நிறுத்தும்போதுதான். பிறகு சாவு வீடோ சம்பள நாளோ வரும், “பீர்தானே” என்பார் ஒருவர். கடவுள் பேச்சு பிடிக்காமல் விலகுபவர்களும் உண்டு. ஏ.ஏ. வழியில் சொல்லப்படும் ‘மேலான சக்தி’ என்பதை அந்தக் கூட்டமாகவே எடுத்துக்கொள்ளும் நாத்திகர்கள் ஏ.ஏ.யில் இருக்கிறார்கள். 27 ஆய்வுகளை, 10,565 பேரை அலசிய 2020ஆம் ஆண்டின் காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் அமைப்பு) தொகுப்பாய்வில், தொடர்ந்து குடிக்காமல் இருப்பதில் ஏ.ஏ. வழி மற்ற சிகிச்சைகளைவிடக் கூடுதல் பலன் தந்திருக்கிறது.

மனைவிக்கும் அம்மாவுக்கும் அல்-அனான் கூட்டம் தனியாக உண்டு. தினமும் வாயை மோந்து பார்ப்பதையும், அவர் கடனை இவர்கள் அடைப்பதையும் எப்படி விடுவது என்று அங்கே கற்கலாம். சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி.கே. மையம் குடும்பத்துக்கும் சேர்த்தே சிகிச்சை தருகிறது. எங்கே போவது என்று தெரியாதவர்கள் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே கேட்கலாம்.

மறுபடி குடித்துவிட்டால்? நாலைந்து நாள் தொடர்ந்து குடித்திருந்தால் முதலில் டாக்டர். ஒரு நாள்தான் என்றால் தெளிந்ததும் அன்றைய கூட்டத்துக்கே போகலாம். ஏன் குடித்தாய் என்று அங்கே யாரும் விசாரிக்க மாட்டார்கள்.