பிரான்ஸ்ல ஹிஜாப் போட்டா ஃபைனா? இல்லைங்க
"பிரான்ஸ்ல ஹிஜாப் போட்டுட்டு ரோட்டுக்கு வந்தாலே ஃபைன்"னு ஒரு ஃபார்வர்ட் சுத்திட்டு இருக்கு, அது தப்பு. 2010ல பாஸ் ஆகி 2011 ஏப்ரல்ல அமலுக்கு வந்த சட்டம் தடை பண்றது முகத்தை மறைக்கறதைத்தான், அதாவது நிகாப், புர்கா மாதிரி, ஃபைன் 150 யூரோ வரைக்கும், சட்டத்துல எந்த மதத்தோட பேரும் கிடையாது (யாரை மனசுல வெச்சு போட்டாங்கன்றது வேற கதை). முகம் தெரியுற ஸ்கார்ஃப், சீக்கியர் டர்பன், யூதர் குல்லா எல்லாம் தெருவுல, கடையில, பஸ்ல தாராளமா போடலாம்.

குழப்பமே 2004 சட்டத்தாலதான். அது அரசு ஸ்கூல் பசங்களுக்கு, அங்க பளிச்சுன்னு தெரியுற மத அடையாளம் எதுவும் கூடாது, பெரிய சிலுவை உட்பட. யுனிவர்சிட்டிக்கு அது பொருந்தாது. அரசு ஊழியருங்க டியூட்டில போடக்கூடாது, அதே ஆபீஸுக்கு வர்ற பப்ளிக் போடலாம்.