நம்மைக் கொட்டாத ஒரு குளவி

தோட்டத்தில் குளவி என்ற சொல்லைக் கேட்டாலே வயிற்றைக் கலக்கும். கொழுந்தெடுக்கப் போய், கொட்டு வாங்கி ஆஸ்பத்திரியில் கிடந்த கதை எல்லா லயத்திலும் இருக்கிறது. உயிரை விட்டவர்களும் உண்டு. அதனால்தான் "நம்ம தேயிலையைக் காப்பாத்தினதே ஒரு குளவிதான்" என்று நான் சொன்னபோது அம்மா நம்பவில்லை.

போன ஞாயிறு அம்மாவை மலைக்குக் கூட்டிப்போய், நூலால் ஒட்டிக்கிடந்த இரண்டு இலைகளைப் பிரித்துக் காட்டினேன். உள்ளே தேயிலையைத் தின்னும் இலைசுருட்டிப் புழு செத்து வெறும் தோலாகக் கிடந்தது. பக்கத்திலேயே சின்னச் சின்னக் கூடுகள், ஒன்றோடொன்று நெருக்கியடித்து. "இதையா? புழு முட்டைனு நெனச்சு நசுக்கிப் போடுவோமே!" என்றார். இவ்வளவு காலம் கொழுந்தெடுத்தவருக்கு இதை யாருமே சொல்லவில்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அந்தக் குளவியின் பெயர் மக்ரோசென்ட்ரஸ். 1935-36இல் ஜாவாவிலிருந்து கொண்டுவந்து இங்கே, இலங்கையில் விட்டார்கள். புழுவின் உடம்புக்குள் முட்டை வைக்கும். ஒரே முட்டை பலவாகப் பிரிந்து, அத்தனை குஞ்சுகளும் புழுவை உள்ளிருந்தே தின்றுவிட்டு வெளியே வந்து கூடு கட்டும். மலைநாட்டில் இலைசுருட்டி அடங்கியது இப்படித்தான்.

அப்புறம் 1950களின் பிற்பகுதியில், தண்டைத் துளைக்கும் வண்டுக்கென்று டீல்ட்ரின் என்ற பூச்சிமருந்தை அடித்தார்கள். அந்த மருந்து குளவியையும் கொன்றது. அடங்கியிருந்த இலைசுருட்டி மறுபடி கிளம்பியது.

வெளிநாட்டுப் பூச்சியை விடுவது ஆபத்தில்லையா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதே 1935இல் அவுஸ்திரேலியாவில் கரும்பு வண்டைத் தின்னட்டும் என்று தேரையை விட்டார்கள். அது கண்டதையெல்லாம் தின்று பெருகி, இன்றுவரை தலைவலி. தேரைக்கு எதுவும் இரை. இந்த மாதிரிக் குளவிக்கோ குறிப்பிட்ட புழு வேண்டும். முதலில் பார்க்கவேண்டியது அதைத்தான். பப்பாசியில் மாவுபோல அப்பிய பூச்சி 2008இல் நம் நாட்டுக்குள் வந்தபோதும், அதைத் தேடித் தாக்கும் குட்டிக் குளவியைப் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்துத்தான் அடக்கினார்கள்.

இப்போது மரக்கறித் தோட்டங்களைப் பாருங்கள். கோவா இலையில் புழு போட்ட ஒரு ஓட்டை தெரிந்தால் போதும், மருந்து டாங்கியை முதுகில் மாட்டிவிடுகிறோம். என் மாமாவும் அப்படித்தான். அந்தப் புழுவைத் தின்ன வந்ததும் அதே மருந்தில் சாகிறது, பிறகு அடுத்த கிழமையும் அடிக்கவேண்டியிருக்கிறது.

மருந்து கலக்கும் விதம், முகமூடி போடும் விதம் எல்லாம் சொல்லித்தருகிறார்கள். சரி, அது வேண்டும். அதோடு ஒரு நாள், கொழுந்தெடுக்கிறவர்கள் கையில் அந்தக் கூட்டையும் கொடுத்துக் காட்டுங்கள். இலையோடு இலையாக நாள் முழுக்க நிற்பவர்கள் அவர்கள்தானே.