பெட்டிக்குள் ஒரு தாள் வைக்க முடியாதா?

பதினாறு அரைக்குழாய்கள். எல்லாம் வெள்ளை. ஒன்றிலும் ஓர் எண் இல்லை, ஓர் எழுத்து இல்லை, இடது வலது என்ற குறி இல்லை. ஜனவரி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், பேஸ்மென்ட் தரையில் பழைய போர்வையை விரித்து அவற்றைப் பரப்பி வைத்துக்கொண்டு, எது முன்கை, எது மேற்கை, எது கெண்டைக்கால் என்று இரண்டு மணி நேரம் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். பெட்டியைக் கவிழ்த்து உதறினேன். கசக்கிய காகிதம் விழுந்தது, முகவரிச் சீட்டு விழுந்தது. செய்முறை என்று ஒரு துண்டுத் தாள்கூட விழவில்லை.

நான் வாங்கியது ஸ்டார் வார்ஸ் வெள்ளைப் படைவீரனின் கவசம். 1977இல் வந்த முதல் படத்தில் இருக்கும் அதே வடிவம். இங்கே டொராண்டோவில் அக்டோபர் 31 அன்று பிள்ளைகள் வேடம் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போவார்கள். என் மகளுக்கு எட்டு வயது. அவளோடு இந்தக் கவசத்தில் தெருவில் நடக்க வேண்டும் என்று போன ஆகஸ்டில் பணம் கட்டினேன். ஆறு முதல் எட்டு வாரம் என்றார் விற்பவர். வந்து சேர்ந்தது ஜனவரி இரண்டாம் வாரம். அக்டோபர் 31 மாலை வெறும் குளிர்கால ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டுதான் அவள் பின்னால் நடந்தேன். தாமதத்தைக்கூட மன்னித்துவிடுவேன். கையால் செய்யும் பொருள், ஒருவரோ இருவரோ செய்கிற தொழில், அது எனக்குப் புரியும். மன்னிக்க முடியாதது விளம்பரத்தில் இருந்த ஒரு வரி: ‘முதல்முறை செய்பவர்களுக்கும் ஏற்ற முழுத் தொகுப்பு.’

முழுத் தொகுப்பாம். உள்ளே போடும் கறுப்பு உடை அதில் இல்லை. கையுறை இல்லை, வெள்ளைக் காலணி இல்லை, கழுத்தை மறைக்கும் ரப்பர் வளையம் இல்லை. மார்பையும் முதுகையும் இணைக்கும் பட்டைகளும் எலாஸ்டிக்கும் பிரஸ் பட்டன்களும் இல்லை. பசை இல்லை, பெயின்ட் இல்லை. இவை தனி என்று முன்பே சொல்லியிருந்தால் அதற்கும் சேர்த்துப் பணம் ஒதுக்கியிருப்பேன். தொகுப்பின் விலையில் ஏறக்குறைய பாதி இந்த ‘இல்லை’களுக்கே போனது.

சரி, இருந்தது என்ன? இந்தக் கவசத்தை எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்தால்தான் என் கோபம் விளங்கும். ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்குவார்கள். அது இளகித் தொய்ந்ததும் அச்சின் மேல் இறக்கி, அடியிலிருந்து காற்றை உறிஞ்சுவார்கள். தகடு அச்சில் ஒட்டிப் படிந்து ஆறும். முதல் படத்துக்கும் இப்படித்தான் செய்தார்கள். ஆக, பெட்டியில் வருவது கவசம் இல்லை. அச்சின் மேல் படிந்த தகடு. ஓரத்தில் வேண்டாத பிளாஸ்டிக் பாவாடை போல விரிந்திருக்கும். அதை வெட்ட வேண்டும். எங்கே வெட்டுவது? இந்த வேலையின் உயிரே அந்தக் கேள்விதான். விற்றவர் வாயைத் திறக்காத கேள்வியும் அதுதான்.

கை கால் குழாய்கள் ஒவ்வொன்றும் இரண்டு பாதி. விளிம்போடு விளிம்பு முட்ட வைத்து, அந்த மூட்டின் மேல் அதே பிளாஸ்டிக்கில் வெட்டிய பட்டையை ஒட்ட வேண்டும். கைகளுக்கு 15 மி.மீ. அகலப் பட்டை, கால்களின் முன்பக்கம் 20 மி.மீ., பின்பக்கம் 25 மி.மீ. என்பது இந்தக் கவசம் செய்பவர்களிடையே பழகிப்போன கணக்கு. 15 மி.மீ. பட்டை உட்கார வேண்டுமானால், பாதிக் குழாயின் ஓரத்து மேட்டிலிருந்து 7.5 மி.மீ. சமதளத்தை விட்டுவிட்டுத்தான் வெட்ட வேண்டும். மேடு வரைக்கும் வெட்டினால் பட்டைக்கு இடம் இருக்காது. ஏழரை மில்லிமீட்டர்! இந்த ஒரு எண்ணை எழுத எத்தனை மை செலவாகும்? நான் மேடு வரைக்கும் வெட்டினேன். துண்டில் அந்த மேடுதான் தெளிவாகத் தெரிந்தது, பார்த்தவர் எவருக்கும் அதுதான் வெட்ட வேண்டிய கோடு என்றே தோன்றும். இடது முன்கை போயிற்று.

வெட்டுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. கத்தியால் நாலைந்து முறை மெல்லக் கீறிவிட்டு மடித்தால், பிளாஸ்டிக் கோட்டோடு முறிந்து வந்துவிடும். வளைவான இடங்களுக்கு, ரிமோட் கார்களின் கூட்டை வெட்டும் வளைந்த கத்தரி வேண்டும். நான் வீட்டில் இருந்த சுழல் அரத்தை முழு வேகத்தில் ஓடவிட்டேன். அந்த வேகத்தில் ஏபிஎஸ் அறுபடாது, உருகும். உருகியது வெட்டுவாயின் பின்னாலேயே இழுபட்டு மறுபடி ஒட்டிக்கொண்டது. தோள்மூடியின் விளிம்பு மெழுகுவர்த்தி வழிந்தது போல ஆகிவிட்டது. அதை உப்புத்தாளால் தேய்த்துச் சரிசெய்ய மூன்று மாலைகள் போயின. அந்தத் தூளை மூச்சில் இழுக்கக் கூடாது, முகக்கவசம் வேண்டும் என்பதையும் பெட்டி சொல்லவில்லை. நானாகத்தான் போட்டுக்கொண்டேன்.

இனி தொடைக்கு வருகிறேன். இதைச் சொல்லாமல் எனக்கு ஆறாது.

நான் ஐந்தடி ஐந்து அங்குலம். இந்தக் கவசத்தின் அச்சு ஆறடிக்காரர்களுக்கானது. பணம் கட்டும்போது என் உயரத்தையும் எடையையும் கேட்டார்கள், எழுதிக் கொடுத்தேன். அளவு கேட்டதால் அளவுக்குத்தான் அனுப்புவார்கள் என்று நம்பினேன். ஊரில் ஒரு ஜாக்கெட் தைப்பதற்கே தையற்காரர் டேப்பைத் தோளில் போட்டுக்கொண்டு நாலு இடம் அளந்து நோட்டில் குறித்துக்கொள்வார். குறித்த அளவைக் காற்றில் விட்டவர் தெருவில் நிற்க முடியாது. இவர்கள் அளவையும் வாங்கிக்கொண்டு எல்லோருக்கும் போவதையே எனக்கும் அனுப்பியிருக்கிறார்கள். தொடைக்கவசத்தைப் போட்டு நின்றால் மேல் விளிம்பு கவட்டையில் குத்துகிறது, கீழ் விளிம்பு முழங்காலைத் தாண்டி இறங்குகிறது. மாடிப்படி ஒன்றுகூட ஏற முடியாது.

குட்டையானவர்கள் குறைத்துக்கொள்ள வேண்டியதுதான். நானும் அளந்து, பென்சிலால் கோடு போட்டு, கீழ்ப்பக்கம் ஐந்து சென்டிமீட்டரை எடுத்தேன். அழகாகவே எடுத்தேன், கோணல் இல்லாமல். அதற்கு அடுத்த வாரம்தான் படங்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்: தொடையின் கீழ் விளிம்பை ஒட்டிச் சுற்றிவரும் ஒரு மேடு இருக்கிறது. வலது தொடையில் அந்த இடத்தில்தான் தோட்டாப் பெட்டிகள் வரிசையாக இருக்கும் பட்டை உட்காரும். ஆகவே உயரத்தைக் குறைப்பதானால் மேலே குறைக்க வேண்டும், கீழே கை வைக்கவே கூடாது. ‘தொடையை மேலிருந்து குறைக்கவும்.’ மூன்றே சொற்கள்! உயரம் ஐந்தரை அடிக்குக் கீழ் என்று தெரிந்த வாடிக்கையாளருக்கு அந்த மூன்று சொற்களை எழுத ஒருவருக்குக் கை வரவில்லை. என் வலது தொடைக்கவசத்தில் மேடு இல்லை. தோட்டாப் பட்டை வழுக்கிக்கொண்டு முழங்காலில் விழுகிறது.

பிறகு பசை. ஈ-6000 என்ற பசையைத்தான் இந்த வேலைக்கு எல்லோரும் விரும்புகிறார்கள். காய்ந்த பின்னும் ரப்பர் போல வளைந்து கொடுக்கும், தவறாக ஒட்டிவிட்டால் பிளாஸ்டிக்கைக் கெடுக்காமல் உரித்தெடுக்கலாம். அவசரப் பசை அப்படி இல்லை, அது விறைத்துப்போகும், நடக்கும்போது பட்டென்று விட்டுவிடும். நல்ல பசைதான், ஆனால் பொறுமை கேட்கும். ஒரு மூட்டைக் காந்தங்களாலும் கவ்விகளாலும் பிடித்து வைத்தால் இறுகுவதற்கு ஒரு முழு நாள், முழு வலு வருவதற்கு மூன்று நாள் வரை. மூட்டுகளை எண்ணிப் பாருங்கள். எட்டு குழாய்கள், குழாய்க்கு இரண்டு மூட்டு வரை, ஒவ்வொன்றிலும் வெளிப்பட்டை, உள்ளே வலுவுக்கு இன்னொரு பட்டை. இருபது காந்தங்களை வைத்துக்கொண்டு ஒரே நேரத்தில் ஒரு மூட்டு, இரண்டு மூட்டுதான் செய்ய முடியும். ‘ஒரு வார இறுதியில் முடித்துவிடலாம்’ என்று விளம்பரத்தில் எழுதியவர் இந்தப் பசையைக் கையால் தொட்டவராக இருக்கவே முடியாது.

அந்தப் பசையின் ஆவி தலைக்கு ஏறும். அதிலிருக்கும் கரைப்பான் உடம்புக்கு ஆகாது, காற்றோட்டம் கட்டாயம் வேண்டும். டொராண்டோவில் பிப்ரவரி. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பதினைந்து டிகிரி. ஜன்னலைத் திறந்தால் பேஸ்மென்ட் உறைகிறது, பசை காயவே மாட்டேன் என்கிறது. மூடினால் வாடை மாடி வரைக்கும் ஏறி மகளின் அறைக்குப் போகிறது. மனைவி ஒரு நாள் இறங்கி வந்து, ஒன்றும் சொல்லாமல் ஜன்னலைத் திறந்துவிட்டுப் போனாள். அவள் செய்ததுதான் சரி. ஏப்ரல் வரைக்கும் பசைக் குழாயைத் தொடக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். சொன்ன நேரத்தில் பொருள் கைக்கு வந்திருந்தால், குளிருக்கு முன்பே கார் நிறுத்தும் கொட்டகையைத் திறந்து வைத்துச் செய்திருப்பேன்.

இதையெல்லாம் எப்படித்தான் தெரிந்துகொண்டேன்? விற்றவரிடமிருந்து இல்லை. இந்தக் கவசத்தை அணிகிறவர்களின் தொண்டர் அமைப்பு ஒன்று இருக்கிறது, 501ஆவது லீஜியன். 1997இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில் ஆல்பின் ஜான்சன் என்பவர் தொடங்கியது. இன்று பல நாடுகளில் கிளைகள் உண்டு. குழந்தைகள் மருத்துவமனைகளுக்கும் நிதி திரட்டும் நிகழ்ச்சிகளுக்கும் கவசத்தோடு போவார்கள், தங்களுக்கென்று கூலி வாங்க மாட்டார்கள். கவசம் எப்படி இருக்க வேண்டும் என்று அவர்களிடம் விரிவான அளவுகோல் இருக்கிறது, அதற்கு ஒத்துவந்தால்தான் சேர்ப்பார்கள். அங்கே சேர்ந்து, ஒரு நாளாவது நோயில் கிடக்கும் ஒரு பிள்ளையின் கட்டிலருகே போய் நிற்க வேண்டும் என்பது என் ஆசை. இப்படிப்பட்டவர்கள் தங்கள் இரவுகளைச் செலவழித்து, ஒவ்வொரு துண்டையும் படமெடுத்து, அளவு குறித்து, தாங்கள் செய்த தவறுகளையும் மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறார்கள். முன்கையை எங்கே வெட்டுவது, தொடையை எங்கே குறைப்பது, எல்லாம் அதில் இருக்கிறது. எனக்குக் கிடைத்தது வெட்டிய பிறகு.

இதுதான் என் நெஞ்சைக் கொதிக்க வைக்கிறது. காசு வாங்கியவர் ஒரு பக்கம் தாள்கூட எழுத மாட்டார். காசு வாங்காதவர்கள் நூற்றுக்கணக்கான பக்கம் எழுதுவார்கள். கற்றுக்கொடுக்கும் பாரம் முழுவதையும் ஊதியமில்லாத அந்த மனிதர்களின் தலையில் ஏற்றிவிட்டு, ‘முதல்முறை செய்பவர்களுக்கும் ஏற்றது’ என்று விளம்பரம் செய்கிறார்கள். அவர்களுடைய உழைப்பைத் தன் பொருளின் விலையில் சேர்த்து விற்பதற்குத் திருட்டு என்பதைத் தவிர எனக்கு வேறு சொல் தெரியவில்லை. அந்தப் பக்கங்களைப் பார்க்கச் சொல்லி ஒரு வரி அச்சடித்துப் போட்டிருந்தால்கூட என் முன்கையும் தொடையும் தப்பியிருக்கும்.

நண்பர் ஒருவரிடம் குமுறினேன். அவர் இரண்டு கவசம் செய்து முடித்தவர். “கட்டிக்கொடுத்த சோறும் சொல்லிக்கொடுத்த சொல்லும் எத்தனை நாளைக்கு அண்ணா? கெடுத்துக் கெடுத்துத்தான் எல்லோரும் கற்றோம்” என்றார். நல்ல மனிதர், ஆறுதலுக்குத்தான் சொன்னார். ஆனால் எனக்கு அது பொறுக்கவில்லை. கட்டிக்கொடுத்த சோறு தீர்ந்துபோவது வேறு, வெறும் இலையை மடித்துக் கட்டிக்கொடுத்துச் சோற்றுக்குக் காசு வாங்குவது வேறு. பட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை இந்த வேலையில் ஏராளம். வெந்நீரில் காட்டி வளைவைத் திருத்துவது, தலைக்கவசத்தின் இரு காதுகளையும் இடைவெளி இல்லாமல் பொருத்துவது, கன்னத்துக் குழாய்களில் நீலக் கோடுகளை கை நடுங்காமல் வரைவது, இவையெல்லாம் எழுதி வராது, கைக்குத்தான் வர வேண்டும். அவற்றில் தோற்றால் ஒருவரையும் குறை சொல்ல மாட்டேன். எது இடது, எது வலது என்பது அந்த வகை இல்லையே! அது வெறும் தகவல். செய்தவருக்குத் தெரியும், வாங்கியவருக்குத் தெரியாது. ஒரு மார்க்கர் பேனா போதும்.

இந்தப் படைவீரனின் தலைக்கவசத்தைப் பற்றி பிரிட்டன் உச்ச நீதிமன்றம் வரைக்கும் வழக்குப் போயிருக்கிறது. முதல் படத்துக்குத் தலைக்கவசங்களைச் செய்துகொடுத்த ஆண்ட்ரூ ஐன்ஸ்வொர்த் பிற்காலத்தில் அவற்றைச் செய்து விற்றார், படத்தைத் தயாரித்த லூக்காஸ்ஃபிலிம் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. எனக்கு விற்றவருக்கும் அந்த வழக்குக்கும் ஒரு தொடர்பும் இல்லை. 2011 ஜூலையில் வந்த தீர்ப்பு, அந்தத் தலைக்கவசம் சிற்பம் இல்லை, படம் எடுப்பதற்குப் பயன்பட்ட பொருள் என்றது. நான் அதைப் படித்துவிட்டு வெகு நேரம் யோசித்தேன். சிற்பமாக இருந்தால் அப்படியே வாங்கி அலமாரியில் வைத்துவிடலாம், செய்முறை வேண்டாம். பயன்படுத்தும் பொருள் என்றால்? நூறு டாலர் புத்தக அலமாரி வாங்கினால்கூட எந்தத் திருகு எந்த ஓட்டைக்கு என்று படம் போட்ட தாள் வருகிறது. பத்து மடங்கு விலை கொடுத்த பொருளுக்கு அந்த மரியாதை கிடையாதா?

மாற்றுத் துண்டு வேண்டும் என்று விற்றவருக்கு எழுதினேன். இடது முன்கையின் ஒரு பாதி, வலது தொடை. தவறு எப்படி நடந்தது என்று விளக்கி, படமும் வைத்து, மரியாதையாகத்தான் எழுதினேன். அடுத்து வாங்குகிறவருக்காகவாவது துண்டுகளின் உள்பக்கத்தில் எண் போடுங்கள், நானே ஒரு பக்கச் செய்முறை எழுதித் தருகிறேன், காசு வேண்டாம் என்றும் சேர்த்திருந்தேன். பதினோரு நாள் கழித்துப் பதில் வந்தது. துண்டுகளைத் தனியாக விற்பதில்லை, கை முழு ஜோடியாகவும் கால் முழு ஜோடியாகவும்தான் தருவோம், தபால் செலவு தனி, ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். செய்முறையைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

பணம் கட்டிவிட்டேன். இந்த முறை பெட்டி வந்ததும் முதலில் மார்க்கரை எடுத்து, பதினாறு பாதிகளின் உள்ளேயும் பெயர் எழுதிப் படமெடுத்து வைப்பேன். மேற்கையில் இருபக்கமும் 7.5 மி.மீ. முன்கையிலும் அதே. தொடையை மேலிருந்து.